டேங்கில் விட்டுவைத்த இடம்

நர்ஸம்மா,

நீ ராத்திரி டூட்டி முடித்து வருவதற்குள் என் பஸ் கிளம்பிவிடும். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. ஷெட் சாவி ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. நம் பழைய மோட்டார் சைக்கிளின் சைலன்சரைப் பற்றவைக்க வெல்டிங்காரர் மாலையில் வருவார். அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், வண்டியைக் காட்டிவிட்டு நழுவிவிடு.

நேற்று போனில் சண்டை போட்டது மனசைவிட்டுப் போகவில்லை. "பட்டாளத்து மோட்டார் சைக்கிள்னா முழுசா பச்சை அடிச்சாத்தான் அழகு"ன்னு நான் சொன்னேன். "அப்போ இதை ஓட்டின சிப்பாய் பெட்ரோல் டேங்க்ல கீறி வச்ச பொண்ணு பேரை அழிச்சீங்கன்னா, ஷெட்டுப் பக்கமே வரமாட்டேன்"னு போனை வைத்துவிட்டாய்.

விடியற்காலையிலேயே உப்புத்தாளோடு உட்கார்ந்தேன். எழுத்தெல்லாம் கோணல்மாணல். ஆணியால் கீறியிருப்பான் போல. எனக்குக் கை வரவில்லை. பெயரை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, சுற்றிப் பச்சை அடித்திருக்கிறேன். பெயின்ட் ஈரம், தொட்டுவிடாதே.

அவளை அவன் திரும்பப் பார்த்தானோ என்னவோ. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் உன்னைக் கண் நிறையப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

தாளில் இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: ஞாயிற்றுக்கிழமை லீவு வாங்கிவிட்டேன், நீயும் கேள். வண்டி ஓடாவிட்டால் என்ன? ஷெட்டுக்குள்ளேயே நீ முன்னால், நான் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம்.