உன் தோளில் இருந்த ஈ

தேனீக்களோடு வாய் ஓயாமல் கதைத்த என் ஆசை அக்காவுக்கு,

உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, வங்காலை வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். அழுகை ஓய்ந்துவிட்டது. அருவருப்பு மட்டும் இன்னும் போகவில்லை.

பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, மன்னாரில் ஓர் அச்சகத்தில் உன் நினைவு அட்டையை அடிப்பித்திருந்தார் அத்தான். நேற்றுப் பின்னேரம்தான் வந்து சேர்ந்தது. ஊர் தன் செபப்புத்தகத்துக்குள் வைத்து, காலமெல்லாம் உன்னைப் பார்க்கப்போகிற அட்டை. நீலச் சேலையில் சிரிக்கிறாய். நீ தேனீ வளர்த்தவள் என்று காட்ட, அச்சகக்காரன் உன் தோளில் ஒரு தேனீயை ஒட்டியிருந்தான்.

அது தேனீயே இல்லை, அக்கா! பெரிய முழிக்கண்; தேனீக்கு நாலு சிறகு, இதற்கு இரண்டே செட்டை. சாக்கடைத் தண்ணீரில் புழுவாய்க் கிடந்து வளர்ந்து, தேனீ வேஷம் போட்டுத் திரியுமே, அந்த ஈ. சீ!

கடையில் தேன் போத்தலில் இதே ஈயின் படத்தைக் கண்டு, “உள்ளுக்கு இருக்கிறதும் இதின்ரை தேனோ?” என்று கடைக்காரரின் மானத்தை வாங்கியவள் நீ. என் மகளின் பள்ளிக்கூடக் கொப்பி மட்டையில் அது ‘தேனீ’ என்ற பெயரோடு இருந்தபோது, உறை போட்டு மூடிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாய். கடைசியில் உன் மேலேயே கொண்டுவந்து இருத்திவிட்டார்களே?

அச்சகத்துக்குப் போன் எடுத்தேன். “ஆருக்கம்மா தெரியப்போகுது? எல்லாம் ஒண்டுதானே” என்றான். அவன் தாயின் அட்டையில் வேறொருத்தியின் முகத்தை அடித்துக் கொடுத்தால், அப்போதும் எல்லாம் ஒன்றுதானா?

அத்தானோடு சண்டை பிடிக்கப் போனேன். கதிரையில் குனிந்தபடி இருந்தார்.

“அவன் போனிலை காட்டினவன், பிள்ளை. நான் அவளின்ரை முகத்தைத்தான் பாத்தனான். ஓம் எண்டிட்டன்.”

சண்டையை விட்டு, அட்டைக் கட்டை எடுத்துப் பிரித்தேன்.

திருப்பி அச்சடிக்க நேரமில்லை; விடிந்தால் பூசை. ஈயை வெட்டினால் உன் தோளும் சேர்ந்து போகும். விட்டால், ஊரில் ஒவ்வொரு செபப்புத்தகத்திலும் நீ அந்த அசிங்கத்தைச் சுமந்துகொண்டு கிடப்பாய். அத்தான்தான் கத்தரிக்கோலைக் கேட்டார்.

“தோள் போனால் போகட்டும். இதோடை அவளை விடேலாது.”

இருவரும் இருந்து அத்தனை அட்டையையும் வெட்டினோம். உன் தோளை வெட்ட எனக்குக் கை கூசியது. அவர் நிமிரவே இல்லை.

இன்று கோயில் வாசலில் அத்தானிடம் அட்டையை வாங்கிய பெரிய மாமி, வெட்டுப்பட்ட மூலையைத் தடவிப் பார்த்தார். “என்ன தம்பி, எலி கடிச்சதோ?”

“இல்லை மாமி, ஈ ஒண்டு இருந்தது. கலைச்சுப்போட்டன்.”

நீ போன பிறகு அத்தான் சிரித்ததை இன்றுதான் கண்டேன்.

உன் ஆண்டு நினைவு அட்டைக்கு, உன் பெட்டித் தேனீ ஒன்றை நானே படம் எடுப்பேன். கொட்டினாலும் எடுப்பேன். தோளையும் உனக்குத் திருப்பித் தருவேன்.

உன்னைப் போலவே வாயடங்காத,
உன் தங்கச்சி