லேபிளில் இருந்த அளவு

அன்புள்ள மகனுக்கு,

அப்பாவும் நானும் உடம்பளவில் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு வலது கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்தது, சொட்டு மருந்து விடப் போனால் குழந்தை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. இதையெல்லாம் எழுதினால் மற்றது தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை.

எங்கள் துறையைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். கிடங்கில் என் முப்பது வருட ஏரி மீன்கள், பாட்டில் பாட்டிலாக. பழையவற்றுக்கு ஸ்பிரிட் மாற்ற வேண்டியிருந்தது. கிடங்குக்காரர் திறந்து கொடுத்தார், முன்பு நமக்குப் படகு ஓட்டினாரே, அவர்தான். முதல் மீனைச் சும்மா அளந்து பார்த்தேன். லேபிளில் என் கையெழுத்தில் அறுபத்திரண்டு மில்லிமீட்டர். கையில் ஐம்பத்தேழு. அடுத்ததும் அப்படியே. ஒன்பது நாளில் பழையவை நானூற்றுப் பன்னிரண்டையும் அளந்தேன்.

அந்த லேபிள்கள் கரையிலேயே எழுதியவை, மீனின் ஈரம் காயாமல். நீ கல்லூரி விடுமுறையில் அளந்த புது மீன்களோ மாதக்கணக்கில் பாட்டிலில் ஊறியவை. ஊறினால் சுருங்கும் என்பது முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். அன்றைக்கே நீ கேட்டாய், "பழசையும் ஒரு தடவை அளந்துடலாமாம்மா" என்று. மூடி உடையும், லேபிளில் இருப்பதையே எழுதிக்கொள் என்றேன். எனக்கு அவசரம். பெரிய மீன்களை வலை அள்ள அள்ள, சிறியதாகவே முதிர்பவை மட்டும் மிஞ்சி, தலைமுறைக்குத் தலைமுறை இனமே சிறுத்துவருகிறது என்று எழுதக் காத்திருந்தேன். ஆய்வுப் பத்திரிகையில் கட்டுரையாக எழுதினோம், உன் பெயரும் என் பெயரும் சேர்த்து. நாம் கண்ட பரிணாமம் முழுவதும் பாட்டிலுக்குள்தான் நடந்திருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். "அவனுக்கு வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம். மீன் வந்து சாட்சி சொல்லவா போகுது" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு வாரம் நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நம் கட்டுரையைக் காட்டித்தான் ஏரியில் வலைக்குத் தடை போட்டார்கள். அதில்தான் படகுக்காரர் கிடங்குக்காரர் ஆனார். அவரிடம் சொன்னேன். மூடியைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "மீன் சிறுக்கலைன்னு அன்னைக்கே சொன்னோமே டீச்சரம்மா. படிச்சவங்க தப்பா சொல்ல மாட்டாங்கன்னு நாங்களே வாயை மூடிக்கிட்டோம்" என்றார். பிறகு அடுத்த பாட்டிலைத் திறந்து கொடுத்தார். திட்டியிருக்கலாம்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். தவறு முழுக்க என்னுடையது, நீ கேட்டதும் நான் மறுத்ததும் அதில் இருக்கிறது. அடுத்த மாதம் உன் வேலையை நிரந்தரமாக்கும் தேர்வுக் குழு கூடுகிறது. அவர்கள் மேசையில் முதலில் இருப்பது இந்தக் கட்டுரைதான். தெரிந்தேதான் அனுப்புகிறேன். உனக்கென்ன, அடுத்த வருடம் ஓய்வு, இப்போது நேர்மை வருகிறதா என்று நீ கேட்கலாம். கேள். பத்திரிகைக்கு இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். குழு கூடும் வரை பொறு என்று மட்டும் கேட்காதே, பொறுத்துவிடுவேன்.

எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து இரு. குளிருக்குக் காதை மூடிக்கொள். மறந்துவிடாதே, திரும்பப் பெறும் கடிதத்தில் இரண்டாம் பக்கத்தின் அடியில், என் கையெழுத்துக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா