கிலோ கணக்கில் சூரியன்

அக்கா,

நேற்று உங்கள் நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடமிருந்து வாங்கிவிட்டேன். தாம்பரம் வீட்டைக் காலி செய்ய வந்த உங்கள் அண்ணன் மகன், தொலைநோக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அவரிடம் போட்டுவிட்டான். அவனைக் குறை சொல்லவில்லை. அவனுக்கு அவை பென்சிலில் போட்ட வட்டங்கள்.

நாம் பழகியதே என் தவறால்தான். பெருங்களத்தூரில் என் கண்ணாடிக் கடைக்கு, தொலைநோக்கியில் சூரிய வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டருக்குச் சட்டம் மாற்ற வந்தீர்கள். அதிலிருந்த வெள்ளிப் பூச்சை அழுக்கு என்று நினைத்துப் பளிச்சென்று துடைத்து வைத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தீர்கள்.

"சூரியனையே கழுவிட்டீங்களே தம்பி."

நஷ்டஈடு தருகிறேன் என்றேன். அதெல்லாம் வேண்டாம், இனி சூரியனை அட்டையில் விழவைத்துத்தான் பார்க்கணும், ஞாயிறு காலையில் வந்து அட்டையைப் பிடியுங்கள் என்றீர்கள். ஒன்பது வருஷம் பிடித்தேன்; அதில் விழுந்த சூரியனை நீங்கள் நோட்டில் வரைந்தீர்கள்.

உங்கள் கதையை அந்த மொட்டைமாடியில்தான் கேட்டேன். வேலை கேட்டுப் போன வானாய்வகத்தில், பெண்ணுக்கு ராத்திரி வேலை சரிப்படாது என்றாராம் அதிகாரி. "என் நட்சத்திரம் பகல்லதான் சார் வரும்" என்று சொல்லிவிட்டு, முப்பது வருஷம் மலைமேல் சூரியனைப் பார்த்தீர்கள். ஒரு முழுக் கிரகணத்துக்காகக் கடல் தாண்டிப் போய், மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினீர்கள். அதைச் சொன்னபோது மட்டும் நீங்கள் சிரிக்கவில்லை.

சூரியனில் கரும்புள்ளி இல்லாத நாளில், இன்றைக்குச் சரக்கு இல்லை, விட்டுவிடலாமே என்பேன். "வெறும் வட்டம்னாலும் போட்டுத் தேதி எழுதணும். நாம பார்த்தோம்ல?"

என் மனைவி போன பிறகு எனக்காக ஒருவர் காத்திருந்தது அந்த மாடியில்தான். நீங்களும் போன பின் நாலு ஞாயிறு, கடையைத் திறந்து சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நேற்று பேப்பர்காரர் தராசில் உங்கள் நோட்டுகள். வேண்டும் என்று முகத்தில் காட்டினால் விலை ஏறும்; விட்டுவிட்டாலோ நாளைக்கே ஆலைக்குக் கூழாக்கப் போய்விடும். கண்ணாடி சுற்றக் காகிதம் வேணும் என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"இன்னா சார், சுத்துற பேப்பரை இவ்ளோ நேரமா படிச்சுகினு கீறீங்க?"

மூடி வைத்தேன். கடைசி நோட்டு பாதி காலி. எழுதாத நோட்டுக்கு ரேட்டு வேறு என்றார்.

இன்று ஞாயிறு. அந்த நோட்டை எடுத்தேன். பார்க்காமல் வட்டம் போட்டால் நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். தேதி மட்டும் எழுதினேன்.

எவ்வளவுக்கு முடிச்சீங்க தம்பி என்று கேட்பீர்கள். எழுதின நோட்டுகள் கிலோ பதினெட்டு ரூபாய், இழுத்துப் பேசித்தான். பாதி காலியான அந்த ஒன்றுக்கு மட்டும் அவர் கேட்டதையே கொடுத்தேன். முப்பது ரூபாய்.