பத்தில் ஒருவன்

குரங்கு ஆண்டு, இலையுதிர்காலத்து முதல் மாதம், 22

துறைக்கோட்டையில் மழை. வில்லின் நாண் நனையாமலிருக்க மார்போடு வைத்துத் தூங்குகிறோம். நேற்று தெற்கத்தியார் ஏணிகளோடு வந்தார்கள். என் ஈட்டி ஒருவன் வாய்க்குள் போனது. இழுத்தபோது பற்களும் வந்தன.

அலாகு அத்தான் சிரித்தார். "எழுதி வை மாப்ளே. தலைநகர்ல படிச்ச படிப்பு வேற எதுக்கு?"

பிறகு சிரிக்கவில்லை. அக்காவுக்கு இது பேறுகாலம்.

24

பகல் முழுக்க வெட்டு. செத்தவர்கள்மேல் நின்று வெட்டினோம். கால் வழுக்கியது.

26

அத்தானைக் காணோம். குதிரையும் இல்லை.

பதின்மர் தலைவன் புரால்கி எங்களை வரிசையில் நிறுத்தினான். பத்தில் ஒருவன் ஓடினால் மற்ற ஒன்பது பேருக்கும் சாவு. இந்தச் சட்டத்தால்தான் உலகத்தைப் பிடித்தோம் – பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன்.

ஆயிரவர் தலைவனிடமிருந்து ஆள் வந்தான். "அவன் தலை வரணும். இல்லைன்னா உங்க தலைங்க."

"உன் அக்கா வீட்டுக்காரன்தானேடா," என்றான் புரால்கி. "நீயே முன்னால போ. உன்னைப் பாத்தா ஓடமாட்டான்."

28

அக்காவின் கூடாரம். ஆயுதத்தோடு யாரும் உறவினர் கூடாரத்துக்குள் நுழைவதில்லை. வாளை வெளியே மாட்டிவிட்டுப் போனேன். புரால்கியும் மற்றவர்களும் மேட்டுக்குப் பின்னால்.

ஆண் குழந்தை. அத்தான் கையில் இருந்தது.

"பாத்தியா, உன் மூக்கு! பாவம் பய. இருட்டினதும் திரும்பிடுவேன். புரால்கி ரொம்பக் கத்தறானா?"

அக்கா குதிரைப்பால் ஊற்றினாள். குடித்தேன். ஏன் குடித்தேன்? வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

"அத்தான், கொஞ்சம் வெளியே வாங்க. என் குதிரை நொண்டுது."

வந்தார். மேட்டிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்தார். ஓடவில்லை.

"ரத்தம் மண்ணுல விழவேணாம். அது போதும்."

ரத்தம் சிந்தாத சாவுதான் எங்களில் மானமுள்ள சாவு. புரால்கி வாக்குக் கொடுத்தான். முதுகை முறித்தார்கள். கால்களை நான் பிடித்துக்கொண்டேன். ஈரவிறகு ஒடிவதுபோல் – இல்லை, அப்படி இல்லை.

ஆனால் தலை வேண்டுமே. ரத்தம் விழுந்தது. "உயிர் போனப்புறம்தானே?" என்றான் புரால்கி, யாரும் கேட்காமலே.

அக்கா வாசலில் நின்றாள். நிலைப்படியை மிதித்தால் வீட்டுக்குக் கேடு என்பார்கள்; அப்போதும் மிதிக்கவில்லை.

29

கோட்டைக்குத் திரும்பினோம். பாசறையில் எவருமில்லை. அடுப்புகளில் இன்னும் சூடு. ஆயிரவர் தலைவனின் கூடாரம் இருந்த இடத்தில் வட்டமாக வெளிறிய புல்.

கால் போன ஒரு கிழவனை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"கான் தலைநகரை விட்டு வடக்கே போயிட்டாராம். உங்க தலைவரும் பின்னாலயே. என்ன முழிக்கிறீங்க? சாக்குல என்ன, கறியா?"

புரால்கி சிரித்தான். நெடுநேரம். பிறகு குதிரையின் பிடரியில் முகத்தை வைத்து வாந்தியெடுத்தான். சாக்கை என்மேல் வீசினான். "நீயே வெச்சுக்க, படிச்சவனே."

எல்லோரும் வடக்கே போனார்கள். அக்கரையில் தெற்கத்தியாரின் முரசு.

இலையுதிர்காலத்து இரண்டாம் மாதம், 1

சாக்கோடு அக்காவின் கூடாரத்துக்குத் திரும்பினேன். தலையை உடலோடு சேர்க்கவேண்டும். வாசலில் வாளைக் கழற்றினேன்.

உள்ளிருந்து அக்காவின் குரல்:

"கழட்டாதே. எடுத்துக்கிட்டே வா. அந்த வழக்கம் உறவுக்காரங்களுக்கு."

வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன். வாள் மடியில்.