டாங்கில் எழுதிய உபயம்

12-8-1995, சனி. காரைக்குடி.

மோட்டார் சைக்கிள் கம்பெனி ஆள் இன்றைக்கும் என் ஒர்க்ஷாப்புக்கு வந்தார். பந்தயத்துக்கென்றே செய்த பிஸ்டனும் கார்புரேட்டரும் பேர் போடாத அட்டைப்பெட்டியில் இருந்தன. "எங்க பேரு வெளிய வரக்கூடாது. கேட்டா சொந்தச் செலவுன்னு சொல்லுங்க" என்றார். எப்பவும் இதே பாட்டுதான். பந்தயத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று பேப்பரில் சொல்கிற கம்பெனி அது.

போன பந்தயத்தில் அவர்கள் கொடுத்த பிஸ்டன் ஜாம் ஆகி விழுந்தேன். தோள் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தால், "அப்படி யாரையும் தெரியாதே" என்றார்கள்.

"எங்க ஊர்ல கோயிலுக்கு ஒரு டியூப் லைட் குடுத்தாலும் உபயம்னு பேர் எழுதாம விடமாட்டாக சார். இம்புட்டையும் குடுத்துட்டு நீங்க ஏன் ஒளியிறீக?" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் அரியக்குடியிலிருந்து போர்டு எழுதுகிறவரை வரவழைத்தேன். பெட்ரோல் டாங்கில் 'உபயம்' என்று போட்டு, கீழே கம்பெனி பேரை எழுதச் சொன்னேன்.

"எம்புட்டுப் பெருசா எழுதணும்ணே?"

"கடைசி வரிசையில நிக்கிறவனுக்கும் தெரியணும்."

பெயிண்ட் இன்னும் காயவில்லை. இனிமேல் பெட்டி வராது. வராவிட்டால் போகட்டும். அடுத்த ஞாயிறு பந்தயத்தில் நான் விழுந்தால், அவர்கள் பேரும் என்னோடு சேர்ந்து தரையில் விழும்.