ஐதரசன் போத்தலும் அம்மாவின் பயணமும்

கை முழுக்கக் கிரீசோடு சிரிக்கிற என் அண்ணாவுக்கு,

இன்று எங்கள் மா அரைக்கிற மில் இஞ்சினில் இருந்து உங்கள் ஐதரசன் போத்தலைக் கழற்றிவிட்டேன். கோபிக்காதீங்கோ.

நீங்கள் போன பிறகு மில்லை நான்தான் ஓட்டுகிறேன். காலையில் கைபிடி சுற்றி இஞ்சினை எழுப்பும்போதே களைத்துவிடுகிறது. அரிப்பு ஊருக்குள் எங்கள் ஒழுங்கைக்குக் கரண்ட் கம்பம் நட்டுவிட்டார்கள், கம்பிதான் இன்னும் வரவில்லை. அதனால் சனம் அரிசியும் மிளகாயும் எங்களிடமே கொண்டுவருகிறது.

சண்டை முடிந்து முகாமில் இருந்து திரும்பி வந்து, அப்பா இல்லாத வீட்டில் மில் போட்ட காலம் நினைவிருக்கிறதா? டீசல் விலை ஏற ஏற, அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் பாஸ்போட் எடுத்தா. அந்தக் கிழமைதான் நீங்கள் தண்ணீர்ப் போத்தலும் பற்றரியுமாக வந்தீர்கள்.

"தண்ணியைப் பிரிச்சு ஐதரசன் வாயு எடுத்து இஞ்சினுக்கு விடப்போறன். இனி டீசலே தேவையில்லை. நீங்கள் ஒரு இடமும் போகவேண்டாம் அம்மா."

மா அரைக்க வந்த பக்கத்து வீட்டு மாமி விழுந்து விழுந்து சிரித்தா. "அப்ப உந்தக் கடல் முழுக்க எண்ணெய்தானே தம்பி! என்ர மனுசன் ஏன் வள்ளத்துக்கு எண்ணெய்க் கானோட அலையிறார்?" அம்மா சிரிக்கவில்லை. பாஸ்போட்டை அலுமாரிக்குள் வைத்தா.

எனக்கு மட்டும் நீங்கள் வேறு கதை சொன்னீர்கள். இந்த இஞ்சினுக்குள் பொறி போடுகிற பிளக் இல்லை. அது காற்றை நெரித்துச் சூடாக்குகிறது, அந்தச் சூட்டில் டீசல் தானாகப் பற்றுகிறது. ஐதரசன் அந்தச் சூட்டுக்குப் பற்றாது.

"முதல் டீசல் பத்தவேணும். அதின்ர நெருப்பிலதான் இது எரியும்."

"அப்ப டீசலை ஒருநாளும் நிப்பாட்ட ஏலாதோ?"

"மெல்லக் கதை. அம்மாவுக்குக் கேட்கப்போகுது."

மாரியில் வந்த காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு, போத்தலைத் திறந்தும் மூடியும் ஓட்டிப் பார்த்தேன். இரண்டுக்கும் டீசல் ஒரே அளவுதான் போகிறது. பற்றரியைச் சார்ஜ் பண்ணுவதும் அதே இஞ்சின்தானே. அதன் பலத்தை எடுத்து அதற்கே கொடுத்தால் என்ன மிஞ்சும்? வெயிலில் சார்ஜ் பண்ணலாம் என்றீர்கள். அந்தச் சோலார் தகடு வாங்கும் வரைக்கும் நீங்கள் இருக்கவில்லை. பெரிய சிலிண்டர்களில் ஐதரசன் நிரப்பி, டீசலைக் குறைத்து ஓட்டுகிற இடங்கள் உலகத்தில் இருக்கும். எங்களிடம் இருந்தது ஒரு போத்தல்.

இப்போது குவைத்துக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் திரும்பவும் வந்துவிட்டார். திங்கட்கிழமை அம்மா பதில் சொல்லவேண்டும். உண்மையைச் சொன்னால் போய்விடுவாவோ என்று பயம். சொல்லாமல் அவவை ஏமாற்றி இருத்தவும் மனமில்லை. கழற்றிய போத்தலோடு அவவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"இதால ஒரு பிரயோசனமும் இல்லையம்மா. டீசல் இல்லாமல் ஓடாது."

மா அரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "அது எனக்கு அப்பவே தெரியும் பிள்ளை. டீசல் கானைச் சுமந்துகொண்டு வாறது ஆர்? நான்தானே."

"அப்ப ஏன் போகாமல் நிண்டனீங்கள்?"

"போகாதீங்கோ எண்டு கேக்க அவனுக்கு வெக்கம். அதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்டவன்." அரிதட்டை ஒருமுறை தட்டினா. "இந்தமுறை ஆரும் கேக்கேல்லை."

போத்தலோடு இஞ்சினடிக்கு வந்துவிட்டேன், அண்ணா. ஊரெல்லாம் கதைத்துத் திரிந்த உங்களுக்கே வெட்கம் என்றால், நான் எப்படிக் கேட்பது?

ஆனாலும் கேட்பேன். ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அம்மாவின் கையைப் பிடித்துக் கேட்பேன். இஞ்சினில் பூட்டிக்காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. "போகாதீங்கோ, எனக்கு நீங்கள் வேணும்" என்று அவவுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்வேன். இது உங்களுக்குத் தருகிற வாக்கு.

உங்களுக்குப் பின்னால் பிறந்த
ஒரே தங்கச்சி,
ஜெசிந்தா