இரண்டாம் தடவை வந்த புழு

மீஞ்சூர்
6-3-1953

கம்பவுண்டர் மேதை சௌக்கத் அலி அவர்களுக்கு தாஹிராவின் சலாம்.

அத்தா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள், செத்தது என் ஆடுகள்தானே.

போன வருஷம் என்னைக் கேட்காமல் மணலிக் குட்டையோரம் மேயவிட்டீர்கள். ஈரலில் புழு ஏறினால் உடம்பு எப்படி எதிர்க்கிறது என்று பார்க்கவாம். பாதி போச்சு. மீதியை மருந்து ஊற்றித் தேற்றினீர்கள். என்னிடம் வந்து அழுதீர்கள். கோபித்துக்கொண்டு அத்தா வீட்டுக்குப் போயிருந்தவள் திரும்பி வந்தேன். "ஒரு தபா புழு வந்த ஆட்டுக்கு இனிமே வராது, ரத்தத்துல சக்தி ஏறிகீது" என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு அதே குட்டைக்கு மறுபடி ஓட்டினீர்கள். தாடையில் நீர் கோத்துத் தொங்க, ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. அத்தா கல்யாணத்துக்குக் கொடுத்த மந்தை. மாட்டாஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவருக்கு ஆராய்ச்சி ஒரு கேடா?

உங்கள்
தாஹிரா

திருவொற்றியூர்
14-3-1953

அன்பு மனைவி தாஹிராவுக்கு,

அழுகையை நிறுத்திவிட்டு, புரிகிற அளவுக்குப் புரிந்துகொள். தப்பு என்னுடையதல்ல, ஆடுகளுடையது. டாக்டரே சொல்லிவிட்டார். மாட்டுக்கு ஒரு தடவை புழு வந்தால் அதன் உடம்பு ஞாபகம் வைத்திருக்குமாம். ஈரல் குழாய்கள் சுண்ணாம்பு பூசின மாதிரி இறுகிவிடும். அடுத்து வரும் புழுவில் பெரும்பாலானது பிழைக்காது. மாட்டைப் பார்த்துத்தான் ஆட்டையும் நம்பினேன். ஆட்டுக்கு அந்த சாமர்த்தியம் ஏது? எத்தனை தடவை வந்தாலும் முதல் தடவை மாதிரியே இடம் கொடுக்கிறது. வடிகட்டின முட்டாள் ஜாதி!

போகட்டும், நீ எழுதியதை மன்னித்துவிட்டேன். உன் அத்தா புது ஆடுகள் வாங்கியிருப்பதாக நம் பால்காரர் பொன்னுரங்கம் சொன்னார். அவற்றையும் ஓட்டிக்கொண்டு வா. சோறு பொங்க ஆளில்லை. போன தடவை வந்தாயே, அதே மாதிரி வந்துவிடு.

உன் கணவன்
சௌக்கத் அலி

மீஞ்சூர்
21-3-1953

சௌக்கத் அலி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. உங்களை நினைத்தால் இளக்காரம்தான் வருகிறது. செத்த ஆட்டைக்கூடத் திட்டித்தான் உங்களுக்குத் தூக்கம் வரும் போலிருக்கிறது.

புது ஆடுகள் இங்கே மேட்டுப் புல்லில் மேய்கின்றன. அவை வராது.

நானும் வரமாட்டேன். போன தடவை நீங்கள் அழுததை நம்பி வந்தேன், அது ஆட்டுப் புத்தி. அதற்கப்புறம் நான் மாடாகிவிட்டேன் என்று உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். முதல் தடவை பட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஈரல் இறுகிவிட்டது. இனி நீங்கள் குடியிருக்க அதில் இடமில்லை.

பிரிவு கேட்டு அத்தா ஜமாத்துக்கு எழுதிவிட்டார். கூப்பிட்டால் போய்ச் சம்மதம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மதார் சாகிப் மகள் தாஹிரா